விதையாக வந்தவையும் மூட்டையாக வந்தவையும்: ஈழத்துச் சமையலறையில் உலகமயமாக்கல்

‘உலகமயமாக்கலும் வட்டார உணவு மரபுகளும்’ என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. அது மிகப் பெரிய தலைப்பு. ஆகவே ஒரேயொரு சமையலறைக்குள் நின்று இதைப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். அது ஈழத்துத் தமிழர்களின் சமையலறை. அதிலும் பெரும்பகுதி யாழ்ப்பாணம், பிறகு மலையகம், கொஞ்சம் திருகோணமலை.

உலகமயமாக்கல் என்ற சொல்லைக் கேட்டவுடன் எங்களுக்கு பர்கரும் பீட்சாவும் கோலாவும்தான் ஞாபகம் வரும். அவை எங்கள் ஊர்களுக்குள் வருவதற்குப் பல தலைமுறைகள் முன்பே உலகம் எங்கள் அடுப்படிக்குள் வந்துவிட்டது. அது எப்படி வந்தது, வந்தபின் என்ன செய்தது என்பதுதான் இன்றைய பேச்சு. வெளியிலிருந்து வந்த உணவுகளை நான் இரண்டு வகையாகப் பிரித்துப் பார்க்கிறேன். சில விதையாக வந்தன. சில மூட்டையாக வந்தன. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லிவிட்டால் நான் சொல்லவந்தது முடிந்துவிடும்.

கூழ்ப் பானைக்குள் அமெரிக்கக் கண்டம்

யாழ்ப்பாணத்துக்கே உரிய உணவு எது என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் ஒடியல் கூழ் என்றுதான் சொல்வார்கள். பனங்கிழங்கை அவிக்காமல் கிழித்துக் காயவைத்தால் ஒடியல்; அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியலை இடித்து மாவாக்கி, ஊறவைத்து அதன் கயர்ப்பைப் போக்கி, மீன், நண்டு, இறால், பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக் கிழங்கு, புளி, செத்தல் மிளகாய் எல்லாம் சேர்த்துக் காய்ச்சுவது கூழ். பனையோலையைக் கோலிச் செய்த பிளாவிலோ சிரட்டையிலோ ஊற்றிக் குடிப்பது பழைய முறை.

இந்தப் பானைக்குள் இருக்கும் செத்தல் மிளகாயும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். கொலம்பஸ் 1492-இல் கடல் கடந்த பிறகுதான் அவை மற்றக் கண்டங்களுக்குப் போயின. போர்த்துக்கீசர் இலங்கைக்கு வந்தது 1505-இல். யாழ்ப்பாண அரசு அவர்களிடம் வீழ்ந்தது 1619-இல். மிளகாயோடு அன்னாசியும் பப்பாசியும் கொய்யாவும் மரமுந்திரியும் ஆசியாவுக்கு வந்தது அந்தக் காலத்துக் கடல் வழிகளில்தான். அன்னாசி என்ற சொல்லே போர்த்துக்கீச மொழி வழியாக வந்ததுதான்.

அதற்கு முன்பு எங்களுக்கு உறைப்பு என்றால் மிளகு. சங்க இலக்கியத்தில் ‘கறி’ என்ற சொல் மிளகைக் குறித்தது. புதிதாக வந்த காய்க்குப் பழைய மிளகின் பெயரையே கொடுத்து ‘மிளகாய்’ என்று அழைத்தோம். அது இன்று எவ்வளவு தூரம் எங்களுடையதாகிவிட்டது என்றால், யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள் இல்லாத ஈழத்துக் கறியை எங்களால் நினைத்துப் பார்க்க முடியாது. வெளிநாட்டுக்குப் புறப்படுபவரின் பயணப் பெட்டியில் முதலில் வைக்கப்படுவதும் அதுதான்.

ஆகவே ‘கலப்பில்லாத பாரம்பரிய உணவு’ என்று ஒன்று இருந்தது, உலகமயமாக்கல் வந்து அதைக் கெடுத்தது என்ற கதையை நாம் ஆரம்பத்திலேயே கைவிட வேண்டும். எங்கள் மிகப் பாரம்பரியமான பானைக்குள்ளேயே இரண்டு கண்டங்கள் வெந்துகொண்டிருக்கின்றன. மிளகாயும் மரவள்ளியும் எங்களுடையவை ஆனதற்குக் காரணம் ஒன்று உண்டு. அவை எங்கள் மண்ணில் முளைத்தன. விதையை எடுத்துவைக்கலாம், தடியை வெட்டி நடலாம். கிணற்றிலிருந்து துலா மிதித்து இறைத்த தண்ணீரில் அவை வளர்ந்தன. கப்பல் மறுபடி வராவிட்டாலும் அடுத்த வருடம் மிளகாய் இருக்கும்.

பனையும் குரக்கனும் புகையிலையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லின் மேல் படிந்த செம்மண்ணும், மழையை நம்பிய வயலும், கிணற்றை நம்பிய தோட்டமும்தான். மழை நெல்லில் மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் போன்ற வகைகள் இருந்தன. நெல் போதாத இடத்தைக் குரக்கன், சாமை, தினை, வரகு, பயறு ஆகியவை நிரப்பின. அதுவும் போதாதபோது பனை கைகொடுத்தது. பனம்பழத்தைப் பிழிந்து காயவைத்தால் பனாட்டு, பதநீரைக் காய்ச்சினால் பனங்கட்டி, விதையைப் புதைத்தால் கிழங்கு, கிழங்கைக் காயவைத்தால் ஒடியல். இவையெல்லாம் மாதக்கணக்கில் கெடாதவை. பஞ்சத்துக்கான சேமிப்பை மரமே செய்துகொடுத்தது.

ஆனால் யாழ்ப்பாணம் தன் உணவைத் தானே விளைவித்துத் தன்னிறைவாக இருந்தது என்று நான் சொல்லவரவில்லை. அதுவும் ஒரு கட்டுக்கதை. ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் யாழ்ப்பாணத்துத் தோட்டங்களின் பணப்பயிர் புகையிலை. அது பெருமளவில் திருவிதாங்கூருக்குப் போனது. புகையிலையும் அமெரிக்காவிலிருந்து விதையாக வந்ததுதான். புகையிலை விற்ற காசில் வெளியிலிருந்து வந்த அரிசி வாங்கப்பட்டது. ஆங்கிலேயர் காலத்தின் பிற்பகுதியில் இலங்கை முழுவதுமே தன் அரிசியின் பெரும்பகுதியைப் பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் இறக்கியது.

இங்கே மலையகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் விதையாக வந்ததெல்லாம் நன்மை என்று நான் சொல்வதாக ஆகிவிடும். கோப்பியும் விதையாகத்தான் வந்தது. தேயிலையும் விதையாகத்தான் வந்தது. 19ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து லட்சக்கணக்கான மக்கள் அந்தச் செடிகளுக்காகக் கொண்டுவரப்பட்டார்கள். 1869-இல் இலைத் துரு நோய் தோன்றிக் கோப்பி அழிந்தது. அதன் இடத்தில் தேயிலை வந்தது. தொழிலாளர்கள் அதே மலையில் அதே லயங்களில் இருந்தார்கள். அவர்கள் நட்ட செடியை அவர்கள் தின்ன முடியாது. அவர்கள் தின்ற அரிசி அவர்கள் நட்டதல்ல. கப்பலில் வந்து, தோட்ட நிர்வாகம் அளந்து கொடுத்தது. விதை யார் கையில் இருக்கிறது, நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்காவிட்டால் விதைக்கும் மூட்டைக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போவோம்.

1942: மூட்டை வருகிறது

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அடுத்த மாதமே கொழும்பிலும் திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. பர்மா அரிசி நின்றது. அந்த வருடம் இலங்கையில் அரிசிப் பங்கீடு வந்தது. ‘கூப்பன்’ என்ற சொல்லும் ‘சங்கக்கடை’ என்ற சொல்லும் எங்கள் வீட்டுச் சொற்களானது இந்தக் காலத்தில்தான். அரிசியின் குறையை ஈடுகட்டக் கோதுமை மா கொடுக்கப்பட்டது.

கோதுமை அதுவரை இல்லாமல் இருக்கவில்லை. ‘பாண்’ என்ற சொல்லே போர்த்துக்கீச மொழியிலிருந்து வந்தது. ஆனால் பாண் என்பது நகரத்து உணவு, காய்ச்சல்காரனுக்கு வாங்கிக் கொடுக்கும் உணவு. யுத்தகாலத்தில்தான் கோதுமை மா ஒவ்வொரு கிராமத்து வீட்டுக்குள்ளும் போனது.

யுத்தம் முடிந்தது, மூட்டை நிற்கவில்லை. இதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று உள்நாட்டு அரசியல். 1953-இல் அரசாங்கம் பங்கீட்டு அரிசியின் விலையைக் கொத்து ஒன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. ஆகஸ்ட் 12ஆம் திகதி நாடு தழுவிய ஹர்த்தால். மக்கள் சுடப்பட்டார்கள். பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அரிசி விலையில் கைவைத்தால் ஆட்சி போய்விடும் என்பதை அதற்குப் பின் வந்த எந்த அரசாங்கமும் மறக்கவில்லை. மலிவான மா ஒரு அரசியல் தேவையானது.

இரண்டாவது காரணம் அமெரிக்காவில் இருந்தது. அங்கே கோதுமை அளவுக்கு மீறி விளைந்து களஞ்சியங்களில் குவிந்திருந்தது. 1954-இல் ஐசனாவர் காலத்தில் ‘பி.எல். 480’ என்ற சட்டம் வந்தது. உபரித் தானியத்தை ஏழை நாடுகளுக்கு உதவியாகவும் சலுகை விலையிலும் அனுப்பும் ஏற்பாடு அது. பசிக்கு உணவு கொடுப்பதும் நோக்கம். எதிர்காலச் சந்தையை உண்டாக்குவதும் நோக்கம். சட்டமே இரண்டையும் ஒளிக்காமல் சொன்னது. 1950களின் பிற்பகுதியிலிருந்து அந்த மா இலங்கைக்கும் வந்தது. பள்ளிக்கூடங்களில் கொடுத்த பணிஸும் விசுக்கோத்தும் பால்மாவும் ஒரு தலைமுறையின் நாக்கைப் பழக்கின. எங்கள் பெரியவர்கள் கோதுமை மாவை ‘அமெரிக்கன் மா’ என்றே சொன்னார்கள். மிளகாய்க்கு நாங்கள் எங்கள் மிளகின் பெயரை வைத்தோம். மாவுக்கு அது வந்த நாட்டின் பெயரையே வைத்தோம். இலங்கையின் வயல்களில் அது எப்போதும் பெரிதாக விளைந்ததில்லை. ஒரு விதைகூட எங்கள் கைக்கு வராமல் அது எங்கள் பிரதான உணவுகளில் ஒன்றாகியது.

வடிவம் நின்றது, தானியம் போனது

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கோதுமை மா வந்ததால் எங்கள் உணவுகள் எதுவும் மறைந்துபோகவில்லை. புட்டு இருந்தது, இடியப்பம் இருந்தது, தோசை இருந்தது, ரொட்டி இருந்தது. நீத்துப்பெட்டியும் இடியப்ப உரலும் அதே இடத்தில் இருந்தன. உள்ளே இருந்த தானியம் மட்டும் மாறியது. அரிசி மாப் புட்டு, குரக்கன் புட்டு, ஒடியல் புட்டு என்று இருந்தது போய், அமெரிக்கன் மாவை ஆவியில் அவித்து அரிதட்டில் அரித்து எடுக்கும் ‘அவித்த மா’ புட்டும் இடியப்பமும் வழமையாயின. கோதுமை மாவை முதலில் அவித்து, கட்டி உடைத்து அரித்த பின்பே குழைப்பது எங்கள் பெண்கள் கண்டுபிடித்த வழி. ஒட்டிப் பசையாகும் ஒரு மாவை உதிரியான புட்டாக்கிய அந்தக் கெட்டித்தனத்துக்கு யாரும் பெயர் எழுதிவைக்கவில்லை.

அவர்கள் ஏன் அதை ஏற்றுக்கொண்டார்கள்? மலிவு என்பது பாதிப் பதில். மீதிப் பதில் உரலில் இருக்கிறது. அரிசி மா என்றால் முதல்நாளே ஊறவைக்க வேண்டும், உரலில் போட்டு உலக்கையால் இடிக்க வேண்டும், அரிக்க வேண்டும், கப்பியை மறுபடி இடிக்க வேண்டும், பிறகு சட்டியில் வறுக்க வேண்டும். குரக்கன் என்றால் திரிகை. ஒடியலை இடிக்க அதைவிடப் பலம் வேண்டும். இவ்வளவும் பெண்களின் வேலை. கொஞ்சம் வசதியான வீடுகளில் அது சாதியால் கீழே வைக்கப்பட்ட பெண்களின் வேலை. கூலியாகக் கிடைத்தது பல இடங்களில் கொஞ்சம் நெல்லோ அரிசியோதான். மூட்டையில் வந்த மா இந்த உழைப்பின் பெரும்பகுதியை ஒரே நாளில் இல்லாமல் செய்தது. பழைய உணவின் ருசியைப் பற்றி நாங்கள் உருகி எழுதும்போது, அதை இடித்த கைகளிடம் கேட்டுவிட்டு எழுத வேண்டும். பல தாய்மாருக்கு அந்த வெள்ளை மா ஒரு விடுதலை.

கௌரவமும் சேர்ந்திருந்தது. வெள்ளை மா நாகரிகம், கறுத்த மா பட்டிக்காடு. பனை உணவு ஏழையின் உணவு. பனையில் ஏறுபவர்களை ஒடுக்கிய சமூகம், அந்த மரத்தின் உணவையும் கொஞ்சம் தள்ளியே வைத்தது. கூழ் எல்லார் வீட்டிலும் காய்ச்சப்பட்டது. ஆனால் விருந்தாளிக்கு முன்னால் வைக்கப்படுவதில்லை. இன்று லண்டனிலும் ரொறன்ரோவிலும் கோடைகால ஒன்றுகூடல்களில் கூழுக்கு வரிசையில் நிற்கிறோம். அது நல்ல விஷயம்தான். ஆனால் அது எங்கள் பெருமையின் சின்னமாவதற்கு ஒரு தலைமுறை தூரமும் ஒரு சமுத்திரமும் தேவைப்பட்டன என்பதையும் சொல்ல வேண்டும்.

நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டை உங்களில் பலர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பீர்கள். அதை ஒரு சமையல் ஆவணமாக வாசித்துப் பாருங்கள். பயறு வறுப்பதும் அரிசி இடிப்பதும் மாவைப் பதமாக வறுப்பதும் அதில் வரிசையாக வருகின்றன. பாட்டு முழுக்க வேலைகள். இன்று அந்தப் பாட்டை மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளைக்குக் கூழ் தெரியும், கொழுக்கட்டை தெரியும். இடிப்பது என்றால் என்ன என்று தெரியாது. உணவின் பெயர் பயணம் செய்கிறது. அதைச் செய்த வினைச்சொற்கள் ஊரிலேயே நின்றுவிடுகின்றன.

மூடிய கதவும் திறந்த கதவும்

இறக்குமதியை நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு 1970 முதல் 1977 வரையான காலம் ஒரு பாடம். சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம் அந்நியச் செலாவணிப் பற்றாக்குறையால் வெளிநாட்டு மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்கு அது பொற்காலம். மிளகாயும் சின்ன வெங்காயமும் காசாகின. படித்த இளைஞர்கள் விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் குடியேறி மிளகாய் போட்டார்கள். மிளகாய் விற்று வீடு கட்டியவர்கள், உழவு இயந்திரம் வாங்கியவர்கள் பற்றிய கதைகள் வன்னியில் இன்றும் உண்டு. முந்நூறு வருடத்துக்கு மேலாக எங்கள் மண்ணில் வளர்ந்த அந்த அமெரிக்க விதை, ஒரு முழுப் பிரதேசத்தையே நிமிர்த்தியது.

அதே ஆண்டுகளில் மலையகத்தில் என்ன நடந்தது? 1972-இல் சோவியத் ஒன்றியம் உலகச் சந்தையில் பெருமளவு கோதுமை வாங்கியது. அதன் பின் உலகெங்கும் விலை ஏறியது. அடுத்த வருடம் எண்ணெய் விலையும் ஏறியது. இலங்கையில் பங்கீடு குறைந்தது, மாவின் விலை கூடியது. பாணுக்கு விடியப்புறத்திலிருந்து வரிசை நின்றது. ஊரில் காணித்துண்டு வைத்திருந்தவர்கள் மரவள்ளியும் வத்தாளைக் கிழங்கும் நட்டுத் தப்பினார்கள். தோட்டத் தொழிலாளருக்கு நடுவதற்கு நிலம் இல்லை. கோதுமை ரொட்டியும் சம்பலும்தான் அவர்களது மதிய உணவாகியிருந்தது. மூட்டை நின்றதும் அவர்களுக்கு ஒன்றும் இல்லை. 1973-74-இல் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நடந்தன. 1974-இல் அங்கே இறப்பு விகிதம் வெளிப்படையாகவே உயர்ந்தது.

ஒரே கொள்கை. வடக்கில் தமிழ் விவசாயி வீடு கட்டினார்; மலையில் தமிழ்த் தொழிலாளி பட்டினி கிடந்தார். இருவரையும் ‘தமிழர் உணவு மரபு’ என்ற ஒரே தலைப்புக்குள் போட்டு நாங்கள் பேசிவிடுகிறோம். நிலம் உள்ளவருக்கும் நிலம் இல்லாதவருக்கும் உணவு மரபு ஒன்றல்ல.

1977-இல் ஜே.ஆர். ஜயவர்தன ஆட்சிக்கு வந்து பொருளாதாரத்தைத் திறந்துவிட்டார். வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் மீண்டும் வந்தன. வடக்கில் விலை விழுந்தது. இளைஞர்களுக்குப் படிப்பில் தரப்படுத்தல், வேலையில் பாகுபாடு என்று ஏற்கெனவே கதவுகள் மூடியிருந்த காலத்தில், தோட்டமும் கைவிட்டது. வடக்கின் பிற்காலக் கோபத்துக்கு மிளகாயின் விலையும் ஒரு காரணம் என்று சொன்னால் அது மிகையல்ல. ஆனால் எங்கள் அரசியல் வரலாறுகளில் மிளகாய்க்கு அரைப் பக்கம்கூடக் கிடைப்பதில்லை.

1979-இல் பங்கீடு போய் உணவு முத்திரை வந்தது. 1980-இல் திருகோணமலையில் சிங்கப்பூரின் பிறீமா நிறுவனத்தின் மா ஆலை இயங்கத் தொடங்கியது. ஓரிடத்தில் அமைந்த ஆலைகளுள் உலகின் பெரியவற்றில் ஒன்று. பெரிய தானியக் கப்பல்கள் நேராக வந்து நிற்கக்கூடிய ஆழமான இயற்கைத் துறைமுகம் அது. பக்கத்திலேயே தம்பலகாமத்து வயல்கள், பெயர்பெற்ற நெல்வயல்கள். இனி ‘அமெரிக்கன் மா’ என்று சொல்ல வேண்டியதில்லை. மா உள்ளூரிலேயே அரைக்கப்பட்டது. கோதுமை மட்டும் கப்பலில் வந்தது.

தடையும் கஞ்சியும்

1990-இல் யுத்தம் மீண்டும் தொடங்கியபோது வடக்கின் மீது பொருளாதாரத் தடை வந்தது. எரிபொருள், உரம், மின்கலம், சீமெந்து என்று பட்டியல் நீண்டது. மாவும் சீனியும் கப்பல் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. அந்த ஆண்டுகளில் குடாநாட்டில் பனை திரும்பி வந்தது. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடித்தார்கள். ஒடியலும் புழுக்கொடியலும் மறுபடி வீட்டுச் சாப்பாடாயின. பேக்கரி ‘வெதுப்பகம்’ என்று தமிழில் பெயர் மாறியது. ஆனால் வெதுப்புவதற்கு மா வெளியிலிருந்துதான் வர வேண்டியிருந்தது. மொழியைத் தனித்தமிழாக்குவது வயலை மீட்பதைவிட எளிது.

இதை நான் பழைமையின் வெற்றியாகச் சொல்லவில்லை. தடை என்பது கொடுமை. பசியோடு தின்ற ஒடியலை யாரும் மரபுத் திருவிழாவாகக் கொண்டாடவில்லை. நான் சொல்வது ஒன்றுதான். பனை அங்கே நின்றது. வெட்டப்பட்டவை போக மிச்சமிருந்தவை நின்றன. கிழங்கைப் புதைக்கவும் கிழிக்கவும் தெரிந்த முதியவர்கள் உயிரோடு இருந்தார்கள். அதனால் மக்கள் தப்பினார்கள். அந்த அறிவு இன்னும் ஒரு தலைமுறை பிந்தியிருந்தால் மரம் இருந்தும் பயனில்லை.

2009-இல் முள்ளிவாய்க்காலில் எஞ்சியிருந்தது கஞ்சி. கொஞ்ச அரிசி, தண்ணீர், கிடைத்தால் உப்பு. அதைக் காய்ச்சிக் கொடுத்த இடங்களில் வரிசையில் நின்றவர்கள் மேல் எறிகணை விழுந்தது. இன்று ஒவ்வொரு மே மாதமும் அந்தக் கஞ்சி தாயகத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் காய்ச்சப்படுகிறது. 2024-இல் திருகோணமலை சம்பூரில் அதைக் காய்ச்சிக் கொடுத்ததற்காகப் பெண்கள் கைதுசெய்யப்பட்டார்கள். எங்கள் காலத்தில் எங்கள் கண் முன்னால் பிறந்த ஒரு உணவு மரபு இது. இதில் ருசி இல்லை. சமையல் நுட்பம் இல்லை. ஒரு உணவை மரபாக்குவது எது என்று ஆராய்பவர்கள் இந்தக் கஞ்சியிலிருந்து தொடங்கலாம்.

எங்கள் சமையலறைகள்

இப்போது நாங்கள் இருக்கும் இடத்துக்கு வருகிறேன். 1983-க்குப் பின் எங்களோடு புட்டும் இடியப்பமும் கொத்துரொட்டியும் உலகமெங்கும் வந்துவிட்டன. பாரிஸ் லா சப்பலில், லண்டன் ஈஸ்ட்ஹாமில், ரொறன்ரோ ஸ்காபரோவில் அவை கிடைக்கின்றன. கனடா கோதுமை விளையும் தேசம். ஸ்காபரோவில் கோதுமை மாப் புட்டு சாப்பிடுபவர் ஒருவகையில் அந்த நாட்டு உள்ளூர் உணவைத்தான் சாப்பிடுகிறார். யாழ்ப்பாணத்தில் அதே புட்டைச் சாப்பிடுபவர்தான் வெளிநாட்டுச் சாப்பாடு சாப்பிடுகிறார்.

இன்னொரு மாற்றமும் நடக்கிறது. நீரிழிவு வந்த பிறகு மருத்துவர் சொல்லிக் குரக்கனுக்குத் திரும்புகிறோம். ஒருகாலத்தில் ஏழையின் தானியம், இன்று மருந்தின் தானியம். ஒடியல் மா, சிவப்பரிசி மா, பனங்கட்டி எல்லாம் அழகான பொதியில் தமிழ்க் கடைகளுக்கு வருகின்றன. இதனால் ஊரில் சில பெண்கள் குழுக்களுக்கு வருமானம் கிடைக்கிறது என்றால் அதை வரவேற்கவே வேண்டும். ஆனால் எங்கள் நினைவுக்காக ஏற்றுமதியாகும் ஒடியல், ஊரில் இருப்பவர்களுக்கு எட்டாத விலைக்குப் போகிறதா என்பதையும் நாங்கள் கேட்க வேண்டும். உலகமயமாக்கலில் நாங்கள் இப்போது பாதிக்கப்பட்டவர்கள் மட்டுமல்ல. வாங்கும் சக்தியுள்ள சந்தையும் நாங்கள்தான்.

2022-இல் இலங்கைக்கு நடந்தது உங்களுக்குத் தெரியும். முந்தைய வருடம் இரசாயன உரத்தை ஒரே உத்தரவில் தடைசெய்து விளைச்சலைக் கெடுத்தார்கள். பெப்ரவரியில் உக்ரைன் யுத்தம் தொடங்கிக் கோதுமை விலை ஏறியது. ஏப்ரலில் நாடு கடன் கட்ட முடியாது என்று அறிவித்தது. டொலர் இல்லை, ஆகவே கோதுமை இல்லை. பாணின் விலை ஏறிக்கொண்டே போனது. 1942, 1974, 1990, 2022. காரணம் ஒவ்வொரு தடவையும் வேறு: உலக யுத்தம், சந்தை, தடை, கடன். முடிவு ஒன்றுதான். மூட்டை நின்றது. மண்ணில் ஏதாவது வைத்திருந்தவர்களும், அதை உணவாக்கத் தெரிந்தவர்களும் கொஞ்சம் தாக்குப்பிடித்தார்கள். மற்றவர்கள் வரிசையில் நின்றார்கள்.

இதனால் கோதுமையை விலக்குங்கள் என்று நான் சொல்லவில்லை. என் காலை உணவும் பாண்தான். உரலுக்குத் திரும்புங்கள் என்றும் சொல்லவில்லை. இடிப்பதற்கு இன்று இயந்திரம் இருக்கிறது. நான் கேட்பது ஒரு சிறிய விஷயம். நாங்கள் சமையற்குறிப்புகளை நிறைய எழுதுகிறோம், காணொளிகளும் நிறையப் போடுகிறோம். அவற்றில் ‘அரிசி மா இரண்டு கப்’ என்று முடித்துவிடுகிறோம். எந்த அரிசி, எந்த வயல், எந்த மாதம் விதைத்தது, யார் இடித்தது, அந்த நெல் இப்போதும் யாரிடமாவது இருக்கிறதா? பெற்றோரிடமும் பாட்டிமாரிடமும் ருசியை மட்டும் கேட்காமல் இதையும் கேட்டுப் பதிவுசெய்யுங்கள். மொட்டைக்கறுப்பன் விதைத்தவர்களில், ஒடியல் கிழித்தவர்களில், தோட்டத்து லயத்தில் மாவைப் பங்கிட்டுத் தின்றவர்களில் பலர் இன்னும் எங்கள் நடுவில் இருக்கிறார்கள். சிலர் இந்த நிகழ்வையே கேட்டுக்கொண்டிருக்கக்கூடும்.

மிளகாய் எங்களுடையதாக இருநூறு முந்நூறு வருடம் எடுத்தது. அது எங்களுடையதானது, அதை ஊன்றவும் விதை எடுக்கவும் நாங்கள் கற்றுக்கொண்டதால்தான். அந்தக் கற்றல் இல்லாமல் பெயரை மட்டும் காப்பாற்றினால், எங்கள் பேரப்பிள்ளைகளிடம் புட்டு இருக்கும். அது எதனால் ஆனது என்று சொல்ல ஒருவரும் இருக்கமாட்டார்கள்.